நாச்சிமுத்துவின் நாலு லாரிக் கோப்பு

இதில் ஒரு வரி பொய்யென்றாலும் எழுதிய கை விளங்காமல் போகட்டும்.

2071-ஆம் வருடம். கோவை கணபதியில் இருந்த ஒரு கிரைண்டர் கம்பெனியில், தங்கள் கிரைண்டர் யாரையும் காயப்படுத்தாது என்று நிரூபிக்கும் கோப்பை நாச்சிமுத்து முப்பது வருடமாக எழுதிவந்தார். ஒரே ஒரு மாடலுக்கு நாலு லாரி கோப்பு. பூனை ஏறி உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதில் தொடங்கி, மாமியார் மேலுள்ள கோபத்தில் மருமகள் எட்டி உதைத்தால் என்ன ஆகும் என்பதுவரை சோதனை அறிக்கை இருந்தது.

அரசு முத்திரை கிடைக்காவிட்டால் கம்பெனியை இழுத்து மூடவேண்டியதுதான். கோப்புப் பிரிவின் இருநூறு பேருக்கும் வேலை போய்விடும். முத்திரை வைக்க வந்த அதிகாரி மரகதவல்லி ஒன்பது நாள் உட்கார்ந்து படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"கிரைண்டர் சரி. இந்தக் கோப்பு யார் கால்மேலயாவது விழுந்தா? அதுக்கு அறிக்கை எங்க?"

நாச்சிமுத்து நிதானமாகச் செருப்பைக் கழற்றி, நகமில்லாத கட்டைவிரலைக் காட்டினார்.

"மூணு தடவ நானே போட்டுப் பாத்துட்டனுங்க மேடம். நாப்பதாயிரத்துப் பன்னண்டாம் பக்கம்."

"வலிச்சுதா?"

"அது அடுத்த பக்கத்துல இருக்குதுங்க."

மரகதவல்லி புரட்டிப் பார்த்தார். இருந்தது. எழுந்து நின்று, நாச்சிமுத்துவை வணங்கிவிட்டு முத்திரையைக் குத்தினார். ஆட்கள் நாச்சிமுத்துவைத் தோளில் தூக்கிக்கொண்டு கம்பெனியைச் சுற்றிவந்தார்கள்.

கோப்பு வைக்க இடம் போதாமல், அந்தக் கம்பெனியில் கிரைண்டர் செய்வதை நிறுத்திப் பதினாறு வருடம் ஆகியிருந்தது.