சோபாவுக்கு நேராக ஒரு கேமரா

"திருடன் வர்ற வாசலை வுட்டுட்டு, சோபாவுக்கு நேரா மாட்டச் சொல்றீங்களே சார்?" என்று ஏணியில் நின்றபடி கேட்டான் கமல்.

"எங்க வூட்டு விருந்தாளிங்க எல்லாம் சோபாவுலதான்பா உக்காருவாங்க. நீ மாட்டு" என்றார் சீனிவாசன்.

கமலுக்குப் புரியவில்லை. கடையிலும் இப்படித்தான். வாசலுக்கு இந்த மாடல், மாடிக்கு அந்த மாடல், கும்மிருட்டிலும் முகம் கலராகத் தெரியும் என்று அவன் மூச்சுவிடாமல் அடுக்கினான். சீனிவாசனின் மனைவி தேவகி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"பேசறது கேக்குமா?"

"கேக்கும்மா."

"அதையே குடு."

விஷயம் இதுதான். மகள் தேவிப்ரியாவைப் பெண் பார்க்க இதுவரை மூன்று குடும்பங்கள் செவிலிமேட்டுக்கு வந்து போயிருந்தன. மூன்றும் கேசரியை வழித்துச் சாப்பிட்டன. "ரொம்ப சந்தோஷங்க" என்றன. வீட்டுக்குப் போனதும், ஏற்கெனவே பொருத்தம் பார்த்த ஜாதகம் திடீரென்று பொருந்தாமல் போய்விட்டதாக போன் செய்தன. பெண்ணைக் காட்டிவிட்டு வீட்டார் உள்ளே போகும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் ஹாலில் ஏதோ தீர்மானம் நிறைவேறுகிறது என்பது தேவகியின் ஆராய்ச்சி முடிவு. என்ன குறை என்று காதில் விழுந்தால் திருத்திக்கொள்ளலாமே!

இந்த முறை சிக்கல் பெரிது. திருப்புட்குழி பாலாஜியை தேவிப்ரியாவுக்கு ரொம்பவே பிடித்துவிட்டது. போனைக் காதில் வைத்துக்கொண்டு மொட்டை மாடியில் தனியாகச் சிரிக்கும் அளவுக்கு. போன வாரம்தான் சீனிவாசனும் தேவகியும் பையன் வீட்டுக்குப் போய், எல்லாவற்றையும் வாயாரப் பாராட்டிவிட்டு வந்திருந்தார்கள். இந்த இடமும் கைவிட்டுப் போனால் பெண்ணின் முகத்தில் எப்படி விழிப்பது?

கேமரா ஷோகேஸ் மேல், பிளாஸ்டிக் ரோஜாக்களுக்கு நடுவே ஏறியது. சோதனை ஓட்டம். சமையலறையில் தேவகி போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். படம் வந்தது, பேச்சு வரவில்லை. புயல் அடிப்பது போல் ஓர் இரைச்சல்.

"பேன் காத்து மைக்ல அடிக்குதும்மா" என்று கமல் கேமராவை அந்தக் கோடிக்கு நகர்த்தினான். "சார், இப்ப எதுனா பேசுங்க."

சீனிவாசன் தொண்டையைச் செருமினார். "பொண்ணு பரவால்ல. பொண்ணோட அப்பாதான் ஒரு மாதிரி."

"கேக்குதாம்மா?"

"நல்லா கேக்குதுபா. ஆனா இதத் தெரிஞ்சிக்க எனக்கு கேமரா தேவையில்ல" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, பாலாஜி தன் அம்மா காந்தா, அப்பா கலைவாணன் சகிதம் வந்து சோபாவில் அமர்ந்தான். கலைவாணன் வந்ததிலிருந்து சிரித்துக்கொண்டே இருந்தார். பல் டாக்டரிடம் வாயைக் காட்டுகிறவரைப் போல, நிறுத்தாமல் சிரித்தார்.

தேவிப்ரியா காப்பி கொடுத்தாள். வணக்கம் சொன்னாள். "நீங்க பேசிக்கினு இருங்க, டிபன் எடுத்தாறோம்" என்று வீட்டார் மூவரும் சமையலறைக்குள் பாய்ந்தார்கள். ஒரு போன்மேல் மூன்று தலைகள்.

போனில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"ஐயோ, சுத்திக்கினே இருக்குதுங்க!"

"அம்மா, பிரிட்ஜ் மேல இருந்த வைஃபை பொட்டில லைட்டே எரியலியே?"

"சட்னி அரைக்க மிக்ஸிக்கு ப்ளக் வேணுமில்ல? அதப் புடுங்கிட்டேன்."

சீனிவாசன் தலையில் அடித்துக்கொண்டார். "எவ்ளோ பெரிய காரியம் நடக்குது, உனக்கு சட்னி கேக்குதா?"

"சட்னி இல்லாம இட்லியை வெச்சா அதையும் ஒரு குறைன்னு அங்க பேசுவாங்க!"

தேவிப்ரியா மிக்ஸியைப் பிடுங்கிவிட்டு ப்ளக்கைச் செருகினாள். பச்சை விளக்கு யோசித்து யோசித்து எரிந்தது. ஹால் தெரிந்தது. குரலும் வந்தது.

"காப்பி எப்டிங்க?" இது காந்தா.

"இப்டி ஒரு காப்பி குடிச்சி எத்தினி நாளாச்சு" என்றார் கலைவாணன், சிரிப்பு மாறாமல்.

"வூடு என்ன சுத்தம் பாருங்க. அந்தம்மா கைராசி அப்டி. பொண்ணோட அப்பாவும் எவ்ளோ விவரமான மனுசன்! மொகத்துலயே தெரியுது."

சமையலறையில் சீனிவாசன் தன்னையறியாமல் சட்டைக் காலரை நிமிர்த்திக்கொண்டார். தேவகி அவரை முதல்முறை பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"பொண்ணு மகாலட்சுமி மாரி இருக்குது. உனக்கு எப்டிடா?"

"எனக்கு டபுள் ஓகேம்மா" என்றான் பாலாஜி.

தேவிப்ரியா குதித்த குதியில் கரண்டி ஒன்று தரையில் விழுந்து ஊரைக் கூட்டியது. குறை என்று ஒரு வார்த்தை இல்லை! தேவகிக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. இட்லி போனது, கேசரி போனது, தட்டு மாற்றத் தேதி குறித்தாயிற்று. கிளம்பும்போது காந்தா மட்டும் வாசலில் நின்று தேவகியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாங்க பேசினதெல்லாம் தெளிவா கேட்டுதுங்களா சம்பந்தியம்மா?"

தேவகிக்கு முகம் வெளுத்தது. சீனிவாசன் அவசரமாக மேகத்தைப் பார்த்தார்.

"அட, எதுக்குப் பயப்படறீங்க? எங்க வூட்டுலயும் ஒண்ணு டிவிக்கு மேல இருக்குது" என்று சிரித்தாள் காந்தா. "போன வாரம் நாங்க உள்ள போனதும் எங்க காப்பியைக் கழனித்தண்ணின்னீங்க, இவரை உம்மணாமூஞ்சின்னீங்க, எல்லாம் சொல்லிட்டு, 'ஆனா பையன் தங்கம், என்ன ஆனாலும் இந்த எடத்தை வுடக் கூடாது'ன்னு ரெண்டு பேரும் சொன்னீங்க பாருங்க, அதக் கேட்டுத்தான் நாங்க இன்னிக்குக் கிளம்பியே வந்தோம்!"