எல்லாப் படத்திலும் ஒரு ஆள்

"இந்த ஆளை மட்டும் அழிச்சிடுங்க அண்ணே," என்றார் பேராசிரியை.

மறுநாள் பல்கலைக்கழகத்தின் பத்தாம் ஆண்டு விழா. கண்காட்சி அவர் பொறுப்பு. வருடத்துக்கு ஒன்றாகத் தண்ணீர்த் தொட்டியின் உச்சியிலிருந்து எடுத்த படங்களை, போட்டோகிராபர் மேசையில் வரிசையாகப் பரப்பியிருந்தார். இந்த வருடப் படம் மட்டும் இன்னும் உறைக்குள் இருந்தது.

முதல் படத்தில் பச்சை வயல். ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. அதுதான் அன்றைய பல்கலைக்கழகம். அடுத்தடுத்த படங்களில் கட்டடங்கள் முளைத்துக்கொண்டே போயின. பேராசிரியைக்குக் கண் இமைக்கவே மறந்துபோனது.

ஆனால் எல்லாப் படத்திலும் வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர், கையை உயர்த்தியபடி நின்றார்.

"கல்யாண போட்டோவுல எல்லார் பக்கத்துலயும் வந்து நிக்கிற சித்தப்பா மாதிரி, இவருக்கு இங்க என்ன வேலை?"

போட்டோகிராபர் சிரிக்கவில்லை. "இவர் நிக்கிற இடத்துல விரலை வைங்க. அப்படியே அடுத்த படத்துல அதே இடத்தைப் பாருங்க மேடம்."

பார்த்தார். அவர் நின்ற இடத்தில் நூலகம்.

அடுத்த படம். நின்ற இடத்தில் ஆய்வுக்கூடம். அதற்கடுத்ததில் மருத்துவமனை.

பேராசிரியையின் குரல் இறங்கிவிட்டது. "இன்ஜினீயரா?"

"விவசாயிங்க. இது மொத்தமும் அவர் வயல். வருஷா வருஷம் அறுப்பு முடிஞ்சதும் ஒரு வயலைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்துடுவார். காசும் வாங்கமாட்டார், பேரும் போடக் கூடாதும்பார். 'அடுத்தது எங்கேண்ணே?'ன்னு தொட்டி மேல இருந்து நான்தான் கத்துவேன். போய் நின்னு கை காட்டுவார்."

பேராசிரியை ஒன்பதாவது படத்தைக் கையில் எடுத்தார். இத்தனை கட்டடங்களுக்கு நடுவே அவர் நின்ற துண்டு வயலும், அதையொட்டி ஒரு சின்ன ஓட்டு வீடும்தான் மிச்சம்.

"அந்த வயல்லயும் இப்போ கட்டடம் வந்துடுச்சே. பொண்ணுங்க விடுதிக்கு இடமில்லாம தவிக்கிறோம். இனிமே கொடுக்க அவர்கிட்ட என்ன இருக்கு?"

போட்டோகிராபர் உறையைப் பிரித்து, இந்த வருடப் படத்தை எடுத்து வைத்தார்.

ஓட்டு வீட்டு வாசலில் அவர் கை உயர்த்தி நின்றார். இந்த முறை பக்கத்தில் அவர் மனைவியும் கை உயர்த்தியிருந்தார்.