அனந்தனின் பதில்கள்

பெண்டாங் சாலைச் சமிக்ஞை விளக்கில் கார் நின்றபோது அனந்தனின் வாட்ஸ்அப் வந்தது. ‘இன்று நான் வீட்டில் இல்லை. பினாங்கு போகிறேன்.’

குழந்தைவேலுவுக்குச் சுர்ரென்று ஏறியது. சொன்னால் நழுவிவிடுவான் என்று, வருவதை அனந்தனுக்குச் சொல்லாமல்தான் பீடோங்கிலிருந்து கிளம்பியிருந்தார். “வர்றவங்க வரட்டும், விடுங்கலா” என்று மனைவி பிரேமாவதி காலையில் தடுத்துப் பார்த்ததையும் கேட்கவில்லை.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் ஒன்றாகப் படித்த இருபத்தாறு பேரை நாற்பது வருஷமாக உதிராமல் கட்டி வைத்திருப்பவர் அவர். யார் வீட்டில் கல்யாணம், யார் ஆஸ்பத்திரியில் என்று வாட்ஸ்அப் குழுவில் முதலில் சொல்வது அவர்தான். அந்த இருபத்தாறில் ஒருவனான அனந்தன் தினமும் பதில் போடுவான். கூட்டம் என்றால் மட்டும் வரமாட்டான். குழந்தைவேலுவின் மகள் கல்யாணத்துக்கும் வரவில்லை. போன் அடித்தால் எடுப்பதில்லை. ‘காது மந்தம், எழுது’ என்பான்.

எழுதினார். யாரிடமும் சொல்லாததையெல்லாம் எழுதினார். போன மாதம், கூடப் படித்த லோகேஸ்வரியை மனசில் வைத்துக்கொண்டுதான் பிரேமாவதிக்குத் தாலி கட்டினேன் என்று எழுதினார். இரண்டு நாள் கழித்து, ‘இப்பவும் அப்படித்தானா?’ என்று பதில் வந்தது.

‘இப்பவும்தான்’ என்று போட்டார்.

அப்படி மனசைத் திறந்து காட்டியவனிடமே பொய் சொல்கிறான்! நாளைக்கு நாற்பதாவது ஆண்டுக் கூட்டம். சட்டையைப் பிடித்தாவது இழுத்துப் போவது என்று அனந்தன் வீட்டு கேட்டை ஓங்கித் தட்டினார்.

கதவைத் திறந்தவள் அனந்தனின் மகள் ஷாமினி.

“எங்கம்மா உங்கப்பன்? உள்ள ஒளிஞ்சுகிட்டானா?”

அவள் விலகி நின்றாள். கூடத்துச் சுவரில், மாலை போட்ட படத்துக்குள் அனந்தன் சிரித்துக்கொண்டிருந்தான்.

“கோவிட்ல அங்கிள். நாலு வருஷமாச்சு. எங்களையே பக்கத்துல விடல.”

குழந்தைவேலு நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். நண்பன் செத்து நாலு வருஷம். இருபத்தாறு பேர் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் எண்ணிச் சொன்னது அவர்தான்.

“அப்ப தினமும் எனக்கு எழுதினது?”

ஷாமினி தலையைக் குனிந்துகொண்டாள். “உங்க குட்மார்னிங் வந்துகிட்டே இருந்துச்சு. சொல்ல மனசு வரல. காது கேக்கலன்னு சொல்லி நானே பதில் போட்டுட்டேன். சாரி அங்கிள்.”

“என் பிள்ளை மாதிரி நினைச்சேனே உன்னை! இப்படி ஏமாத்திட்டியே!” “நான் எழுதினதையெல்லாம் உட்கார்ந்து படிச்சியா?”

அவள் விழித்தாள். “என்ன எழுதினீங்க? நான் வெறும் குட்மார்னிங்தான் போட்டேன். அதையும் நிறுத்தி ரெண்டு வருஷமாச்சு. உங்களுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன்.”

“அந்தப் போன் இப்ப யார்கிட்ட இருக்கு?”

“உங்க மக கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தப்ப, ‘அவருக்கு நானே பக்குவமா சொல்லிக்கிறேன்’னு பிரேமா ஆண்டிதானே வாங்கிட்டுப் போனாங்க?”