அன்னைக்கு நல்ல மழை

"பொன்னாடை போத்திக்கிட்டவரு உள்ளுக்கு என்னா பேசுறாரோ!"

கொழும்பு நீதிமன்றத்து வெளி பெஞ்சில் உட்கார்ந்து செல்லசாமி பல்லைக் கடித்தார். தன் முறை வரும்வரை ஒரு சாட்சி உள்ளே போய்க் கேட்கக் கூடாதாம். மனைவி ஜீவராணி உள்ளே, அவர் வெளியே.

உள்ளே சாட்சிக் கூண்டில் நிற்கிற அழகையாவும் இவரும் மலையகத்து ராகலை பஜாரில் எதிரெதிர் கடை. இவருக்கு இரும்புச் சாமான், அவருக்குப் புடவை. கடை லைசனுக்குக் காசு கேட்ட ஆபிசரை, லஞ்ச ஒழிப்புக்காரர்கள் பவுடர் தடவிக் கொடுத்த நோட்டோடு கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்தவர் அழகையா.

அன்றிலிருந்து அவர் பெரிய மனுஷன். பேப்பரில் படம். வர்த்தகர் சங்கத்தில் பொன்னாடை. அடுத்த தலைவரும் அவர்தானாம்.

'மூட்டை தூக்கி முதலாளியானவன் நான். முப்பது வருஷத்துல எவனாச்சும் எனக்கு ஒரு துண்டு போத்தியிருப்பானா?'

செல்லசாமிக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் கேஸ் இப்போது இவர் நாக்கில் இருந்தது. பிடிபட்ட நோட்டு, தான் கைமாத்துக் கொடுத்தது திரும்பி வந்ததுதான் என்று ஆபிசர் சாதித்துவிட்டார். அவர் வாய்விட்டு லஞ்சம் கேட்டதை நிரூபிக்க வேண்டும். அப்போது பக்கத்தில் நின்ற ஒரே ஆள் செல்லசாமி. வரிசையில் அழகையாவுக்கு முன்னால் நின்று, தன் லைசன் வேலையைக் கமுக்கமாக முடித்துக்கொண்டவர்.

வழக்கை நடத்தும் அரச சட்டத்தரணி காலையிலேயே சொல்லியிருந்தார். "நீங்க கேட்டதைச் சொன்னா ஆபிசர் உள்ளுக்கு. சொல்லாட்டி அதே கதிரையில திரும்ப வந்து உக்காருவாரு."

பெயர் கூப்பிட்டார்கள். வாசலில் அழகையா எதிரே வந்தார்.

"உள்ளதைச் சொல்லிடுங்கண்ணே. பஜாரே உங்களைத்தான் நம்பியிருக்கு."

'சொல்றேன், நீ தலைவராகுறதுக்கு!'

கூண்டில் ஏறினார்.

"அழகையாவிடம் ஆபிசர் பணம் கேட்டது உமது காதில் விழுந்ததா?"

விழுந்தது. 'இருபத்தஞ்சாயிரம் கொண்டா, இல்லாட்டி கடையைப் பூட்டு.' ஒரு சொல் மறக்கவில்லை. அந்தப் பொன்னாடையும் மறக்கவில்லை.

"அன்னைக்கு நல்ல மழைங்க ஐயா. தகரக் கூரை. ஒண்ணும் காதுல விழலீங்க."

மொழிபெயர்ப்பாளர் சிங்களத்தில் சொன்னார். நீதிபதி நிமிர்ந்து பார்த்தார்.

"உமக்கும் மழையா?"

செல்லசாமிக்கு விளங்கவில்லை. அரச சட்டத்தரணி கோப்பை மூடினார். ஆபிசர் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

'இப்ப போத்துங்கடா பொன்னாடை!' என்று வெளியே வந்தார் செல்லசாமி.

ஜீவராணி பின்னாலேயே ஓடி வந்தாள்.

"என்னங்க இப்பிடிச் செஞ்சிட்டீங்க?"

"ஏன், அவனுக்கு ஒத்து ஊதவா இம்புட்டுத் தூரம் வந்தேன்?"

"ஆபிசரோட வக்கீல் அழகையா அண்ணனைக் கொடைஞ்சி எடுத்துட்டாருங்க. 'எல்லார்ட்டயும் வாங்குறாருன்னு சொல்றீரே, உமக்கு முன்னால நின்னவர்ட்ட வாங்குனதைப் பார்த்தீரா?'ன்னு மூணு தரம் கேட்டாரு. ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கேஸ் அப்பவே அண்ணன் பக்கம்."

செல்லசாமி சுற்றும்முற்றும் பார்த்தார். தேயிலைத்தூள் பொட்டலத்துக்குள் வைத்து ஆபிசருக்கு அவர் நீட்டிய காசு! வாங்கினவனுக்கு மட்டுமா, கொடுத்தவனுக்கும் ஜெயில்தானே.

"அது யாருக்கும் தெரியாதேடி!"

"அவருக்குத் தெரியும். 'அண்ணனை இனிமே அப்பிடிக் குடுக்க வேணாம்னு சொல்லுங்கண்ணி'ன்னு அன்னைக்கே எங்கிட்ட வந்து சொன்னாரு."

"இப்ப... கூண்டுல என்னா சொன்னான்?"

ஜீவராணி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"'அன்னைக்கு நல்ல மழைங்க ஐயா. கரண்டும் இல்ல. அண்ணன் குடுத்ததா ஒண்ணும் கண்ணுல படலீங்க'ன்னு சொல்லிட்டாருங்க."