நான்காம் நிரல்

மனோர் பார்க் புலம்பெயர் தமிழர் சங்கக் காரியாலயத்தில் லூர்தம்மா எல்லாருக்கும் தொதல் இனிப்புக் கொடுத்துக்கொண்டிருந்தார். போரில் ஊரே இடம்பெயர்ந்தபோது தொலைந்த மகள் இசபெல்லின் பெயர், ஏழு மாதம் கழித்து, தொண்ணூற்றாறு மே மாதத்தில் ஒரு பட்டியலில் அகப்பட்டிருந்தது.

கொழும்பிலிருந்து பிளாப்பி டிஸ்க்கில் வந்த எக்ஸெல் பட்டியல் அது. பெயர்களும் ஊர்களும் ஆங்கிலத்தில் தெளிவாக இருந்தன. நிரல்களுக்கு மேலே இருந்த தலைப்பு வரி மட்டும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாய், கோழி கிளறியதுபோலக் கிடந்தது.

"அது கொம்பியூட்டர் பாஷை. எங்களுக்குத் தேவையில்லை," என்றார் தலைவர் பரமேஸ்வரன். மூன்று வாரக் கணினி வகுப்புக்குப் போனதை விசிட்டிங் கார்டில் அச்சடித்து வைத்திருப்பவரை யார் மறுப்பது?

"நாலாம் நிரலைப் பாருங்கோ. இசபெல்லுக்கு நேரே புளியங்காடு. மிச்சப் பத்தொன்பது பேருக்கும் அதேதான். எல்லாரும் ஒரே இடத்தில பத்திரமாய் இருக்கினம். என்ர அனுபவத்தில சொல்லுறன், அது முகாம்."

லூர்தம்மா சிலுவைக் குறி போட்டார். "முகாமில சாப்பாடு எப்பிடித் தம்பி? அவள் மீனில்லாமல் சோத்தில கை வைக்கமாட்டாள்."

"நான் ஒரு கடிதம் போட்டால் மீனும் குடுப்பினம்."

தட்டச்சுக்கு வரும் தவநாயகி நனைந்த குடையோடு உள்ளே வந்தாள். "கொம்பியூட்டர் பாஷையுமில்லை, ஒரு கோதாரியுமில்லை, அண்ணை. தமிழ் எழுத்து ஃபொன்ட்டில அடிச்சது. அது எங்கட மெசினில இல்லை. டூட்டிங்கில ஒரு பத்திரிகைக்காரரிட்ட வாங்கியந்திட்டன்."

தலைவர் தொண்டையைச் செருமினார். "அதைத்தான் நானும் சொன்னனான். மாத்தும். அம்மாவுக்கு நானே வாசிச்சுக் காட்டுறன்."

அவள் ஃபொன்ட்டை ஏற்றி, தலைப்பு வரியைத் தெரிவுசெய்து மாற்றினாள். கிளறல் ஒரு நொடியில் தமிழாயிற்று.

"பெயர்," என்று மேடைக் குரலில் தொடங்கினார் பரமேஸ்வரன். "வயது. சொந்த ஊர்."

அத்தோடு நின்றார். எந்தக் கூட்டத்திலும் மைக்கைப் பறித்தால்தான் நிறுத்துகிற மனிதர், உள்ளங்கையால் திரையை மறைத்தார். தவநாயகி முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"நாலாவதை வாசியுங்கோ, தம்பி. நான் கண்ணாடி கொண்டுவரேல்லை," என்றபடி லூர்தம்மா கிட்ட வந்தார்.

பரமேஸ்வரன் கையை எடுத்தார். "அடக்கம் செய்த இடம், அம்மா."