கைக்கு அடக்கமான பைனாகுலர்

“இத்தவிட கொஞ்சம் சின்னதா இல்லியாண்ணா? கைப்பைல அடங்கணும்” என்றாள் சிலுவையம்மாள். சொன்ன கையோடு வாசலுக்கு ஓடிக் கடலைப் பார்த்துவிட்டு, மறுபடி கல்லாவுக்கு வந்தாள். கடைக்குள் நுழைந்ததிலிருந்து அவளுக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை.

காசிமேடு துறைமுகத்துக்கு எதிரே வலை, கயிறு, மிதவை விற்கும் கடை தவசிமுத்துவுடையது. புயல் எச்சரிக்கை என்று ஆழ்கடலுக்குப் போன படகுகளையெல்லாம் உடனே திரும்பச் சொல்லியிருந்தார்கள். அடுத்த வாரம் வரவேண்டிய அவள் புருஷன் செல்வநாதனின் படகும் அதில் ஒன்று.

தவசிமுத்து மூன்று பைனாகுலர்களை எடுத்து வைத்தார். பெரியதைத் தூக்கியவள், “அம்மாடி, இன்னா கனம்! வெலயும் நமக்குக் கட்டாது” என்று வைத்துவிட்டாள். குட்டியைக் கண்ணில் ஒட்டிப் பார்த்து, “எதிர்ல கீற ஐஸ் கம்பெனி போர்டே மங்கலா கீதே!” என்றாள்.

“அது பிள்ளைங்க விளையாட்டுச் சாமான்மா. பெருசுலயும் ஒரு தொல்லை உண்டு, கை நடுங்கினா அதையும் சேத்துப் பெருசாக் காட்டும். உங்க கை இப்ப இருக்கிற இருப்புக்கு இந்த நடுவுல உள்ளதுதான் சரி.”

“இதுல பாத்தா போட்டு கரைக்கு வர்றதுக்கு எவ்ளோ முன்னாடி தெரியும்?”

“அரை மணி நேரம் முன்னாடியே தெரிஞ்சிரும்.”

“அர மணி...” உதட்டுக்குள் எதையோ கணக்குப் போட்டாள். “போதும்ணா. அது போதும்.”

தவசிமுத்துவுக்கு மனசு இளகிவிட்டது. புருஷன் முகத்தை அரை மணி முன்னதாகப் பார்க்கக் காசு செலவழிக்க வந்தவளை இப்போதுதான் பார்க்கிறார். தான் ஊருக்குப் போனால் நிம்மதியாக சீரியல் பார்க்கும் தன் மனைவி சுகிர்தத்தின் நினைப்பும் நேரம் கெட்ட நேரத்தில் வந்து தொலைத்தது.

“வீட்ல பொண்ணு தனியாவா இருக்கா?”

“இல்லண்ணா. கோயில்ல கீறா. அண்ணங்காரன் பெனிட்டோவும் கூட கீறான்.”

அப்பனுக்காகப் பிள்ளைகள் முழங்காலில் நிற்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார் தவசிமுத்து. “ஏம்மா இப்படிக் கெடந்து தவிக்கணும்? தெரிஞ்ச பையன்கிட்ட வயர்லெஸ் இருக்கு. எங்க வந்திட்டிருக்காருன்னு அவர்கிட்டயே கேட்டுச் சொல்லச் சொல்றேன்.”

“ஐயோ, வேணாண்ணா!” அவள் போட்ட சத்தத்தில் கயிறு வாங்க வந்த ஆள்கூடத் திரும்பிப் பார்த்தார். “நான் தேடிகினு கீறன்னு அவருக்குத் தெரியவே கூடாது.”

தான் தவிப்பது தெரிந்தால் புருஷனும் கலங்கிப்போவான் என்று பார்க்கிறாள், பாவம். செல்வநாதன் கொடுத்து வைத்தவன்தான். தவசிமுத்து நடு பைனாகுலரை வாங்கிய விலைக்கே கொடுத்தார். கடையை அப்படியே போட்டுவிட்டு அவளை மொட்டை மாடிக்கும் கூட்டிப் போனார்.

கடலில் படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. “இது இல்ல... இதுவும் இல்ல... மாதாவே, மாதாவே!” சிலுவையம்மாள் கைப்பிடிச் சுவரின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். வியர்வையில் கண்ணாடி மங்கியது. முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

திடீரென்று அப்படியே நின்றுவிட்டாள். “மஞ்ச கேபினு... மேல செவப்பு டிரம்மு... அண்ணா, அவருதான்! அவரேதான்!”

அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. தவசிமுத்துவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ஸ்தோத்திரம்! முதல்ல பிள்ளைங்களுக்குச் சொல்லும்மா.”

அவர் சொல்வதற்குள் அவள் போனைக் காதில் வைத்துவிட்டிருந்தாள்.

“டேய் பெனிட்டோ, உங்கப்பா வந்துகினு கீறாருடா! எனக்காகக் காத்துகினு இருக்காம, பிரசங்கத்த நிறுத்திட்டு மொதல்ல தங்கச்சிக்குத் தாலியக் கட்டவைக்கச் சொல்லு ஃபாதர!”