காளனின் விரல்

“ஒரே ஒரு தடவை, அந்தக் காளன்கிட்ட யாராவது கேட்டிருக்கலாம்ல லதா?”

பாலு செல்போனை மடியில் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தங்கையைக் கட்டிக்கொடுத்து ரயிலேற்றியபோதுகூடக் கலங்காத மனிதர். சனிக்கிழமையானால் தில்லை நகரில் இருக்கும் தன் மூக்குக்கண்ணாடிக் கடையை மதியமே சாத்திவிட்டு, ஸ்ரீரங்கத்து வீட்டுக்கு வந்து இப்படி ஒரு மூச்சு அழுவார்.

“யாரு காளன்? என்ன கேக்கணும்?” என்றாள் மனைவி பிரேமலதா. சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்துகொண்டிருந்தாள்.

“எத்தனை தடவை சொல்லிட்டேன்! போன்ல ஒரு தொடர்கதை வருதே, ‘ஏழாவது நிலா’. கொள்ளிடத்தான்னு ஒருத்தர் எழுதறார். பேரைப் பாத்தா நம்ம பக்கத்து ஆளு மாதிரி இருக்கு. அதுல காளன்தான் வில்லன். ஆனா பாவம், அவன் கழுத்துல ஒரு கம்ப்யூட்டர் சில்லு வெச்சுட்டாங்க. ‘மாட்டேன்’னு சொல்ல வாயைத் திறந்தா ‘சரி’ன்னுதான் வரும். தலைவன் சொல்றான், இவன் பட்டனை அமுக்கறான். ஊர் ஊரா அழியுது. எல்லாரும் இவனைத் திட்டறாங்க. ‘உனக்கு இதுல இஷ்டமா’ன்னு ஒருத்தரும் கேக்கல.”

“திட்டத்தானே செய்வாங்க? அமுக்கினது அவன் விரல்தானே?”

“அடிப்பாவி, உனக்கு மனசே கிடையாதா? போன வாரம், அவன் தூக்கி வளத்த பொண்ணு இருக்கற ஊரையே அழிக்கச் சொல்லிட்டான் தலைவன். இன்னிக்கு ஆறு மணிக்குக் கடைசி அத்தியாயம். அவனைக் காப்பாத்துங்கன்னு அந்தக் கொள்ளிடத்தானுக்கு நாலு தடவை எழுதிட்டேன். பதிலே போடல.”

“வீட்டுல வேலை இருந்திருக்கும்.”

சுவர்க் கடிகாரம் நாலரையைக் காட்டியதும் பாலு வில்லனை மறந்து மேஜைக்கு வந்தார். மகளின் இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்று வரிசையாகப் பதிந்து உறுதி செய்ய இன்று ஐந்து மணி வரைதான் நேரம். அதற்குப் பிறகு அழுது புரண்டாலும் மாற்ற முடியாது. லேப்டாப் அவர் விரலுக்கு வணங்காது. பிரேமலதா கல்யாணத்துக்கு முன்பு மன்னார்புரத்தில் டைப்பிங் சொல்லிக்கொடுத்தவள். கல்யாணத்துக்குப் பிறகு வேலை வேண்டாம் என்றார் பாலு. விட்டுவிட்டாள்.

“எல்லாம் கம்ப்யூட்டர் சயின்ஸ்தான். முதல்ல சென்னை காலேஜ் அஞ்சு, அப்புறம் கோயம்புத்தூர். அடி.”

அறை வாசலில் மகள் சுபஸ்ரீ நின்றிருந்தாள்.

“அப்பா, ஒரே ஒரு இடத்துல சிவில் போடுங்கப்பா. முதல் இடத்துல.”

ஸ்கூல் பஸ்ஸில் போகும்போதெல்லாம், காவிரியில் புதுப் பாலத்துக்குத் தூண் எழும்புவதை ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தவள் அவள். எந்தத் தூண் எந்த வாரம் எழும்பியது என்று தனி நோட்டே வைத்திருந்தாள். அந்த நோட்டு இப்போதும் கையில் இருந்தது.

“வெயில்ல நின்னு சிமென்ட் மூட்டை தூக்கவா உன்னைப் படிக்க வெச்சேன்? அப்பா உனக்குக் கெட்டதா செய்யப் போறேன்?”

“ஏங்க, ஒரு இடம்தானே கேக்கறா. போட்டுட்டா...” என்று இழுத்தாள் பிரேமலதா.

“லதா.”

“சரிங்க.”

அவள் விரல்கள் மளமளவென்று தட்டின. பாலு தன் செல்போனுக்கு வந்த ஓ.டி.பி. எண்ணை ஒவ்வொன்றாகப் படித்தார். ‘உறுதி செய்யவா?’ என்று கேட்டுக்கொண்டு திரை நின்றது. பிரேமலதாவின் விரலும் அப்படியே நின்றது.

“மணி அஞ்சாகப் போகுது. என்ன யோசனை?”

“ஒண்ணுமில்லீங்க. சரி.”

பச்சை நிறத்தில் ‘உறுதி செய்யப்பட்டது’ என்று வந்தது. சுபஸ்ரீ அப்பாவைப் பார்க்கவே இல்லை. அம்மாவைத்தான் பார்த்தாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

“ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சுப்பா. அப்புறம் நமக்கே நன்றி சொல்லுவா, பாரு,” என்றார் பாலு.

“காஞ்ச துணியை எடுத்துட்டு வரேங்க,” என்று பிரேமலதா தன் செல்போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனாள். நாலு துணியை எடுக்க ஒரு மணி நேரமா? பாலு இரண்டு முறை காபி கேட்டுக் குரல் கொடுத்துப் பார்த்தார். அதற்குள் ஆறு மணியாகிக் கதை வந்துவிட்டது.

ஒரே மூச்சில் படித்தார். காளனை யாரும் காப்பாற்றவில்லை. ‘மாட்டேன்’ என்று சொல்ல வாயைத் திறந்தான், ‘சரி’ என்றான், பட்டனை அமுக்கினான். எரிகிற ஊரில் அந்தப் பெண் கடைசியாகத் திரும்பி, தலைவனை அல்ல, காளனைப் பார்த்தாள். இப்படியும் ஒரு ஆள் எழுதுவானா, ஈவிரக்கம் இல்லாமல்? பாலு ஐந்தாவது முறையாகத் திட்டி எழுதலாம் என்று கதைக்குக் கீழே போனார். அங்கே கொள்ளிடத்தானே சில வரிகள் எழுதியிருந்தார்.

‘நான்கு முறை எழுதிக் கேட்ட திருச்சி வாசகருக்கு. காளன் மாட்டேன் என்று சொல்லி அந்த ஊரைக் காப்பாற்றுவதாகத்தான் முதலில் எழுதி வைத்திருந்தேன். இன்று ஐந்து மணிக்கு, சிவில் கேட்டு வாசலில் நின்ற என் மகளின் கண்ணெதிரே நானும் ஒரு பட்டனை அமுக்கினேன். அதற்குப் பிறகு அந்த முடிவை வைத்திருக்க எனக்கு யோக்கியதை இல்லை, அழித்துவிட்டேன். காளனையாவது மன்னித்துவிடுங்கள், அவன் கழுத்தில் சில்லு இருந்தது. என் கழுத்தில் நீங்கள் கட்டிய தாலி மட்டும்தானேங்க இருக்கு.’